தவ்பா செய்த பிறகும் பழைய பாவம் நினைவுக்கு வந்தால் என்ன செய்வது?

இந்தக் கேள்வி வராத ரமலான் எனக்குக் கிடையாது. யாங்கோனில், எங்கள் வாயில் இன்னும் அது ரங்கூன்தான், பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பது என் வேலை. அஸருக்குப் பிறகு பிள்ளைகள் படியேறி வருவார்கள். கூட்டிப்போக வரும் தாய்மார்களில் யாராவது ஒருத்தி, பிள்ளையை முன்னால் இறங்கச் சொல்லிவிட்டுக் கதவோரம் நின்றுகொள்வாள். "மாமி, ஒண்ணு கேக்கணும்." அப்புறம் குரல் தாழ்ந்துவிடும். என்ன பாவம் என்று சொல்ல வேண்டாம் என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். அவள் கேட்க வந்தது அதைப் பற்றி இல்லை. தவ்பா செய்தாயிற்று, அதாவது பாவத்தை விட்டு அல்லாஹ்விடம் திரும்பியாயிற்று, அழுதாயிற்று, வருஷங்களும் ஓடிவிட்டன. ஆனாலும் தொழுகைக்குத் தக்பீர் கட்டியதும் அந்த நாள் கண்முன் வந்து நிற்கிறது. அப்படியானால் அல்லாஹ் மன்னிக்கவில்லையா?

நினைவு வருகிறது என்பதை வைத்து மன்னிப்பு கிடைக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். மன்னிப்பது அல்லாஹ்வின் வேலை. நினைவு உங்கள் தலைக்குள் நடக்கும் விஷயம். இரண்டும் ஒரே நாளில் முடிய வேண்டும் என்று அவன் எங்கேயும் சொல்லவில்லை. நினைவை அடியோடு துடைப்பதற்கு வழி எதுவும் எனக்குத் தெரியாது. வந்த நினைவை என்ன செய்வது என்பதற்கு வழி இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் தவ்பாவைச் சரிபாருங்கள்

இது சீக்கிரம் முடிகிற வேலை. மார்க்க அறிஞர்களான உலமாக்கள் சொல்லும் நிபந்தனைகள் உங்களுக்குத் தெரிந்தவைதான்: அந்தப் பாவத்தை விட்டுவிட வேண்டும், செய்ததற்காக மனம் வருந்த வேண்டும், இனி திரும்புவதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். அடுத்தவருடைய ஹக், அதாவது அவருக்குச் சேர வேண்டிய உரிமை, அதில் இருந்தால் அதைத் திருப்பித் தர வேண்டும். முதல் மூன்றும் நடந்திருந்தால், அல்லாஹ்வுக்கும் உங்களுக்கும் இடையில் உள்ள பாவத்தைப் பொறுத்தவரை தவ்பா முடிந்தது. இன்னும் மனம் ஆறவில்லை என்றால் நன்றாக வுளூ (தொழுகைக்கு முன் கழுவுதல்) செய்து இரண்டு ரக்அத் தொழுது பாவமன்னிப்புக் கேளுங்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் (நபிமொழியில்) உள்ள வழி இது. ஹதீஸ் நூல்களான அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். மனம் வருந்துவதே தவ்பா என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக இப்னு மாஜாவில் வருகிறது. வருத்தம் என்றால் மனசு நோவது. அது தவ்பாவின் உடம்பிலேயே ஒரு பாகம். அந்த நோவு மறுநாளே போய்விட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள், தவ்பாவில் ஒரு பகுதியைக் கழற்றிவிட்டு மீதியை மட்டும் கேட்கிறார்கள்.

அல்லாஹ் மறக்கிறானா?

இல்லை. உம் ரப்பு (இறைவன்) மறக்கிறவனாக இல்லை என்று சூரா மர்யம் 64-வது வசனம் சொல்கிறது. "மன்னித்துவிட்டான், ஆனால் அவனுக்குத் தெரியுமே" என்று கூசிப்போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இப்னு உமர் (ரலி) அறிவித்து புகாரியில் உள்ள ஹதீஸை. மறுமையில் அல்லாஹ் ஒரு முஃமினை (நம்பிக்கையாளரை) தன் பக்கம் நெருக்கி, மற்றவர் பார்வை படாமல் திரையிட்டு மறைப்பான். "இந்தப் பாவம் உனக்குத் தெரியுமா? இந்தப் பாவம் தெரியுமா?" என்று கேட்பான். "ஆமாம், என் ரப்பே" என்று அவர் ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்வார். இனி அழிந்தோம் என்று அவர் நினைக்கிற நேரத்தில், "உலகத்தில் இவற்றை நான் மறைத்து வைத்தேன், இன்று உனக்காக மன்னிக்கிறேன்" என்பான். நன்மைகளின் ஏடு அவர் கையில் கொடுக்கப்படும்.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அங்கே எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது, எதுவும் மறக்கப்படவில்லை. தெரிந்தவனே மறைக்கிறான், தெரிந்தவனே மன்னிக்கிறான். ஒரு மனிதர் நம் குற்றத்தை மறந்துபோனதால் சும்மா இருந்தால் அதில் நமக்கு நிம்மதி கிடையாது. நினைவு வந்தால் என்ன செய்வாரோ என்ற பயம் இருந்துகொண்டே இருக்கும். முழுதும் தெரிந்தவன் மன்னித்தால் அதற்கு மேல் வெளிவருவதற்கு ஒன்றுமே இல்லை.

நபிமார்களுக்கே நினைவு இருந்தது

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஷஃபாஅத் (பரிந்துரை) ஹதீஸ் இது. மறுமை நாளின் கடுமை தாங்காமல் ஜனங்கள் ஆதம் (அலை) அவர்களிடம் போவார்கள். எங்களுக்காக ரப்பிடம் பேசுங்கள் என்பார்கள். அவர் அந்த மரத்தின் கனியைத் தின்றதைச் சொல்லி, "நான் அதற்கு உரியவன் இல்லை, நூஹிடம் போங்கள்" என்பார். நூஹும் இப்ராஹீமும் தங்கள் காரணங்களைச் சொல்லி அடுத்தவரிடம் அனுப்புவார்கள். மூஸா (அலை) அவர்களோ, கொல்லும்படி கட்டளை இல்லாத ஓர் உயிரைக் கொன்றுவிட்டேனே என்பார்.

மூஸா (அலை) அவர்களின் அந்தச் செயல் எப்போதோ மன்னிக்கப்பட்டுவிட்டது. சூரத்துல் கஸஸில் 15, 16 வசனங்களை எடுத்துப் பாருங்கள். ஒரு குத்து விட்டார், அவன் செத்தான். உடனே "என் ரப்பே, எனக்கு நானே அநியாயம் செய்துகொண்டேன், என்னை மன்னித்துவிடு" என்றார். அடுத்த சொல்லே, அவன் மன்னித்தான் என்பது. இடையில் ஒரு வசனம்கூட இல்லை. ஆதமுடைய தவ்பா ஏற்கப்பட்டதும் குர்ஆனிலேயே இருக்கிறது. அப்படி மன்னிக்கப்பட்டவர்கள், மறுமை வரைக்கும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

மன்னிக்கப்பட்டதற்குக் குர்ஆனே சாட்சியாக இருக்கும் நபிக்கே நினைவு போகவில்லை என்றால், உங்களுக்கு நினைவு வருவதை வைத்து மன்னிப்பைச் சந்தேகப்படலாமா? மூஸா (அலை) அந்த நினைவோடு வீட்டுக்குள் முடங்கவில்லை என்பதையும் பாருங்கள். கொன்ற ஊருக்கே திரும்பிப் போனார். அவர்கள் என்னைக் கொன்றுவிடுவார்களோ என்று அல்லாஹ்விடம் பயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். எகிப்து மன்னன் ஃபிர்அவ்ன் அந்தப் பழைய கதையை எடுத்து முகத்தில் வீசியபோது மறைக்கவும் இல்லை, உடைந்துபோகவும் இல்லை. ஆமாம், அப்போது வழி தெரியாதவனாக இருந்தபோது செய்தேன் என்று சொல்லிவிட்டு, வந்த வேலையைப் பார்த்தார். சூரத்துஷ் ஷுஅராவில் இருக்கிறது. பயான் சொற்பொழிவுகளில் இந்த இடத்தை ஏனோ வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

வருகிற நினைவு எங்கே தள்ளுகிறது என்று பாருங்கள்

நினைவு வந்ததும் அதோடு சண்டை போடாதீர்கள். ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: இது என்னை எந்தப் பக்கம் தள்ளுகிறது?

முஸல்லாவின் (தொழுகை விரிப்பின்) பக்கம் தள்ளுகிறதா? ஒரு இஸ்திஃபார் (பாவமன்னிப்புக் கேட்பது), ஒரு சதகா (தர்மம்), அடுத்தவர் தவறைப் பார்த்தால் கொஞ்சம் இரக்கம் என்று ஏதாவது அதிலிருந்து வருகிறதா? அப்படியானால் விரட்ட வேண்டாம். அடியான் ஒரு பாவத்தைச் செய்துவிட்டு, அதை நினைத்து வருந்தி வருந்தியே சொர்க்கம் போய்ச் சேர்வான், இவனை இதில் விழவைக்காமல் இருந்திருக்கலாமே என்று ஷைத்தான் வருந்துவான் என முன்னோர்களில் சிலர் சொல்லியிருக்கிறார்கள்.

"நீ தொழுது என்ன பயன், உன் லட்சணத்துக்கு" என்று சொல்கிறதா? இது ஷைத்தானின் வஸ்வாஸ், மனசில் அவன் போடும் ஊசாட்டம். அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று சூரத்துஸ் ஸுமர் 53-ல் அவன் கூப்பிடுவது யாரை? பாவம் செய்து தங்களுக்குத் தாங்களே வரம்பு மீறியவர்களை. அவர்களைத்தான் "என் அடியார்களே" என்கிறான். தொழுகையை விடச் சொல்லும் எந்த யோசனையும் அவனிடமிருந்து வந்ததாக இருக்க முடியாது.

மூன்றாவது ஒன்று உண்டு. இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, நானாகவே சொல்லிவிடுகிறேன். சில பாவங்களின் நினைவு கசப்போடு வருவதில்லை, ருசியோடு வரும். வருந்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு அந்த ருசியை மறுபடி மென்றுகொண்டிருப்போம். இந்த நினைவை உட்கார்ந்து ஆராயக் கூடாது, எழுந்து போய்விட வேண்டும். அதற்கு வழிகொடுக்கும் பொருள்களை அப்புறப்படுத்துங்கள்: படங்கள், பழைய செய்திகள், அந்த எண். ஃபேஸ்புக் ஒருவேளை நீங்கள் கேட்காமலே பழைய நாளை எடுத்துக் காட்டும். இங்கே 2021 பிப்ரவரியில் தடை வந்த பிறகும் விபிஎன் போட்டுப் பார்க்கிறவர்கள் பலர், அதனால் சொல்கிறேன்: மெமரிஸ் பக்கத்தின் அமைப்புகளில் குறிப்பிட்ட ஆளையும் குறிப்பிட்ட தேதிகளையும் காட்டாதே என்று வைக்கலாம். பத்து நிமிஷ வேலை. தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்றுவிட்டு தவ்பாவுக்கு வழி கேட்டவனுடைய ஹதீஸில், அந்த ஊரை விட்டு நல்லவர்கள் இருக்கும் ஊருக்குப் போ என்று ஆலிம் சொன்னாரே, அதன் சின்ன வடிவம் என்று இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் ஹக் இருந்தால்

சில நேரம் நினைவு விடாமல் வருவதற்குக் காரணம் மிகச் சாதாரணமானது: கொடுக்க வேண்டியதை இன்னும் கொடுக்கவில்லை. அப்போது அந்த நினைவு ஷைத்தானிடமிருந்து வரவில்லை, அதை வஸ்வாஸ் என்று தள்ளிவிடாதீர்கள். தொழுகையும் நோன்பும் மலைபோல் கொண்டுவந்து, இவரைத் திட்டியதற்கும் அவர் பொருளைத் தின்றதற்கும் அந்த நன்மைகளைப் பங்குபோட்டுக் கொடுத்து ஓட்டாண்டியாக நிற்பவரைப் பற்றி முஸ்லிமில் உள்ள ஹதீஸை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

மளிகைக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எங்கள் பஜாரில் இன்னும் வீசைக் கணக்குதான், ஒரு வீசை ஏறக்குறைய 1.6 கிலோ. பருப்பிலும் வெங்காயத்திலும் வீசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துப் பல வருஷம் விற்றாயிற்று. வாங்கியவர்களில் பாதிப் பேர் யார் என்றே தெரியாது. என்ன செய்வது? முதலில் தராசைச் சரிசெய்யுங்கள், இன்றைக்கே. அடுத்து, எவ்வளவு குறைந்திருக்கும் என்று உங்களுக்கு எதிராகவே தாராளமாகக் கணக்குப் போடுங்கள். தெரிந்த வாடிக்கையாளர்களுக்குக் காசாகவோ சாமானாகவோ சேர்த்துவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. "உங்க பழைய கணக்கில் பாக்கி இருந்தது" என்பது உண்மையான வார்த்தைதான். தெரியாதவர்களுக்காக, அவர்கள் பெயரில் என்று நிய்யத் வைத்து ஏழைகளுக்குக் கொடுங்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒருவரிடம் வாங்கியதற்கு விலை கொடுக்கப் பார்த்தால் விற்றவரைக் காணவில்லை, தேடியும் கிடைக்கவில்லை. அந்தப் பணத்தை அவர் சார்பில் தர்மம் செய்துவிட்டு, அவர் வந்து இதை ஏற்காவிட்டால் இந்த நன்மை எனக்கு, அவருக்குரியதை நான் கொடுப்பேன் என்ற பொருளில் சொன்னார்கள்.

இதைவிடச் சிக்கலானது அமானிதம். 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். நகையையும் பணத்தையும் கொண்டுபோக விடவில்லை. "திரும்பி வந்து வாங்கிக்கிறோம்" என்று பக்கத்து வீட்டில் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் கதை எங்கள் தெருப் பெரியவர்கள் வாயில் நிறையக் கேட்டிருக்கிறேன். சில பெட்டிகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. சில, கஷ்ட காலத்தில் திறக்கப்பட்டன. திறந்தவர் மௌத்தாகிப் போய், இப்போது அவர் பிள்ளைகளுக்கு அந்த நினைவு வருகிறது. இப்படி ஒரு குடும்பம் வந்து கேட்டபோது நான் சொன்னது இதுதான்: முதலில் ஒரு ஆலிமிடம் முழு விவரத்தையும் வையுங்கள். பொருள் தங்கமாக இருந்தால் அதே எடை தங்கம். பணமாக இருந்தால், அன்றைய ரூபாய்க்கு இன்றைய கியாட் என்று எழுத்துக்கு எழுத்து எண்ணி ஒளிந்துகொள்ள வேண்டாம். 1964-லும் 1987-லும் கையில் இருந்த நோட்டு ராத்திரியோடு செல்லாமல் போன நாடு இது, வாரிசுகளோடு பேசி ஒரு தொகைக்கு வாருங்கள். வாரிசுகளை எங்கே தேடுவது? சென்னை பர்மா பஜாரிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் பர்மா காலனி இருக்கிறது, பழைய ரங்கூன் தெருவின் பெயரைச் சொன்னால் யாராவது ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்ப்பார். முடிந்தவரை தேடியும் கிடைக்காவிட்டால்தான் சதகா. தேடுகிற சிரமத்துக்குப் பயந்து நேராகச் சதகாவுக்குப் போவது சரியில்லை.

புறம் பேசிய பாவத்துக்கு வேறு வழி. போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பவர்களும், சொன்னால் புண் பெரிதாகும் என்றால் சொல்லாமல் அவருக்காக துஆ செய்து, எந்தச் சபையில் பேசினோமோ அங்கேயே அவர் நல்லதைச் சொல்ல வேண்டும் என்பவர்களும் உலமாக்களில் இருக்கிறார்கள். அவர் காதுக்கு இன்னும் போகவில்லை என்றால், இரண்டாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. காதுக்குப் போயிருந்தால் படியேறிப் போய்க் கேட்க வேண்டியதுதான்.

பர்மியப் பக்கத்து வீட்டாரிடம் தவறு செய்திருந்தாலும் ஹக் ஹக்குதான். அவர்கள் தொழுகிறவர்கள் இல்லை என்பதால் கணக்குக் குறையாது. மன்னிப்புக் கேட்பது அவர்களுக்கு விநோதமாகவும் இருக்காது. தடின்ஜுட் மாதத்தில் அவர்கள் பெரியவர்கள் முன் உட்கார்ந்து, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுக்கச் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் சடங்கில் நாம் சேர வேண்டாம். ஒரு நாள் பலகாரத்தோடு போய், "நான் அன்றைக்குச் செய்தது தப்பு, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொன்னால் அவர்களுக்குப் புரியும்.

தொழுகையில் வந்தால், ராத்திரியில் வந்தால்

தொழுகையில் வந்தால் தொழுகையை முறிக்காதீர்கள், முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) தொழுகையில் ஷைத்தான் குழப்புகிறான் என்று முறையிட்டபோது, அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி இடப்பக்கம் மூன்று முறை இலேசாக ஊதித் துப்பும்படி நபி (ஸல்) சொன்னார்கள். அவர் அப்படியே செய்தார், அது போய்விட்டது. முஸ்லிமில் இருக்கிறது. பிறகு அத்தஹிய்யாத்தில் உட்கார்ந்து, ஸலாம் கொடுக்கும் முன் இந்த துஆவை ஓதுங்கள்: அல்லாஹும்ம இன்னீ ளலம்து நஃப்ஸீ ளுல்மன் கஸீரா, வலா யஃக்ஃபிருத் துனூப இல்லா அன்த, ஃபஃக்ஃபிர்லீ மஃக்ஃபிரத்தன் மின் இந்திக வர்ஹம்னீ, இன்னக அன்தல் கஃபூருர் ரஹீம். எனக்கு நானே மிக அதிகம் அநியாயம் செய்துகொண்டேன் என்று தொடங்குகிறது. யாருக்குக் கற்றுக்கொடுத்த துஆ தெரியுமா? அபூபக்ர் (ரலி) அவர்களுக்கு. அவர்களே தொழுகையில் எனக்கு ஒரு துஆ சொல்லித்தாருங்கள் என்று கேட்டு வாங்கியது. இந்த உம்மத்தில் அவ்வளவு பெரியவருக்கே இது பொருத்தம் என்றால், நமக்கு இதை ஓத வெட்கம் எதற்கு?

ராத்திரியில், கரண்ட் போன பிறகு, விசிறியும் நின்று தூக்கம் கலைந்தால் பழையதெல்லாம் வரிசையாக வரும். படுத்துக்கொண்டே யோசிக்காதீர்கள். எழுந்து உட்கார்ந்து நாவால் இஸ்திஃபார் சொல்லுங்கள். முடிந்தால் வுளூ செய்து தஹஜ்ஜுத் தொழுங்கள். எழுபதுக்கும் அதிகமான தடவை ஒரு நாளில் பாவமன்னிப்புக் கேட்டவர்கள் நபி (ஸல்) அவர்கள். திரும்பத் திரும்பக் கேட்பது முன்பு கேட்டது ஏற்கப்படவில்லை என்று ஆகாது.

அப்புறம், நினைவுக்கு ஒரு நல்ல அமலை (செயலை) கட்டிவிடுங்கள். நல்லவை கெட்டவற்றைப் போக்கிவிடும் என்று சூரா ஹூத் 114 சொல்கிறது. மக்காவாசிகளோடு நபி (ஸல்) செய்த ஹுதைபியா உடன்படிக்கையின்போது தாம் எழுப்பிய கேள்விகளுக்காக, அதன் பின் எத்தனையோ அமல்கள் செய்தேன் என்று உமர் (ரலி) சொல்லியிருக்கிறார்கள். வஹ்ஷியை நினைத்துப் பாருங்கள். உஹத் போரில் நபியின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டியெறிந்து கொன்றவர். பின்னால் இஸ்லாத்துக்கு வந்தார், நபி (ஸல்) ஏற்றுக்கொண்டார்கள். உன் முகத்தை என் பார்வையில் படாமல் வைத்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேட்டார்கள். மன்னித்த பிறகும் மனசுக்கு ஒரு வலி இருக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? வஹ்ஷி அதற்காக இஸ்லாத்தை விட்டு ஓடவில்லை. பொய் நபி முஸைலிமாவுக்கு எதிரான போர் வந்தபோது, ஹம்ஸாவுக்கு ஈடாக இதையாவது செய்வேன் என்று ஈட்டியை எடுத்துக்கொண்டு போனார், செய்தும் முடித்தார்.

நமக்குப் போர் இல்லை. எங்கள் மாடிகளில் லிஃப்ட் கிடையாது, எல்லா வீட்டு பால்கனியிலும் சாமான் தூக்கக் கயிறு தொங்கும். அந்த நினைவு வருகிற நாளில் ஒரு சோற்றுப் பொட்டலத்தைக் கயிற்றில் இறக்கிக் கீழே தெரு கூட்டுகிற பிள்ளைக்குக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே அமல், மாற்றாமல். நினைவு வந்தால் ஏழைக்குச் சோறு போகும் என்று ஆகிவிட்டால், வஸ்வாஸ் போடுகிறவனுக்கு அதில் லாபம் குறைந்துவிடும்.

இதையெல்லாம் செய்தும் தூக்கமே இல்லாமல் வாரக்கணக்கில் போகிறது, வுளூவைப் பத்துத் தடவை செய்தும் திருப்தி இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். அது ஈமானின் குறை இல்லை.

எப்போது மறக்கலாம் என்றும் கேட்கிறார்கள். சூஃபிப் பெரியவர் ஸரீ ஸகதீ (ரஹ்) தவ்பா என்றால் பாவத்தை மறக்காமல் இருப்பது என்றார்கள். அவர்களுடைய சகோதரி மகனும் மாணவருமான ஜுனைத் பக்தாதி (ரஹ்), பாவத்தை மறப்பதுதான் தவ்பா என்ற பேச்சின் பக்கம் நின்றார்கள்: அவன் என்னைத் தெளிவான நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, அந்தத் தெளிவில் பழைய கலக்கத்தைப் பேசிக்கொண்டிருப்பது முறையில்லை என்பது அவர்கள் வாதம். புதிதாகத் திரும்பியவருக்கு முதல் பேச்சும், அல்லாஹ்வின் நினைவில் ஊறிப்போனவருக்கு இரண்டாவதும் பொருந்தும் என்று பெரியவர்கள் விளக்கியிருக்கிறார்கள். நீங்களாக மறக்க முயல வேண்டாம். அவனை நினைப்பதில் நேரம் கூடினால் பாவத்தை நினைக்கும் நேரம் தானாகக் குறையும்.

யாரிடமும் சொல்லாதீர்கள், யாருக்கும் நினைவூட்டாதீர்கள்

ராத்திரி செய்த பாவத்தை அல்லாஹ் மறைத்துவிட்டிருக்க, காலையில் எழுந்து "நான் இப்படிச் செய்தேன்" என்று சொல்கிறவனை, மன்னிக்கப்படாதவர்களின் பக்கத்தில் வைத்து நபி (ஸல்) எச்சரித்தார்கள். ஆகவே மனப்பாரம் குறையும் என்று தோழியிடம் சொல்ல வேண்டாம். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கும் என் பதில் அதுதான்: தவ்பா செய்து விட்டுவிட்ட பாவத்தைத் திறக்கக் கடமை இல்லை. நோய், கடன், முந்தைய நிக்காஹ் என்று அவரைப் பாதிக்கும் விஷயம் வேறு, அதை மறைக்கக் கூடாது. மார்க்கத் தீர்ப்பு வேண்டியிருந்தால் "ஒருவர் இப்படிச் செய்துவிட்டால்" என்று கேளுங்கள், போதும்.

ஊருக்கே தெரிந்த பாவம் என்றால், கஅப் இப்னு மாலிக் (ரலி) வழி இருக்கிறது. தபூக் போருக்குப் போகாமல் தங்கி, ஐம்பது நாள் யாரும் பேசாமல் ஒதுக்கப்பட்டு, பிறகு தவ்பா ஏற்கப்பட்டவர். பல வருஷம் கழித்து அவரே அதை விரிவாகச் சொன்னார். அது ஏற்கனவே குர்ஆனில் இறங்கி எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த நினைவில் அவர் எதைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார் பாருங்கள். மன்னிப்புச் செய்தி வந்ததும் பள்ளிவாசலில் எழுந்து ஓடிவந்து கைகொடுத்தவர் தல்ஹா (ரலி). அதை மறக்கவே மாட்டேன் என்றார்.

வீட்டில் இப்படித் திரும்பிவந்தவர் ஒருவர் இருந்தால், தயவுசெய்து தல்ஹாவாக இருங்கள். "உன் கதை தெரியாதா" என்று மாமியாரும் நாத்தனாரும் ஒரு வார்த்தை சொன்னால், அவள் வருஷக்கணக்கில் ஆற்றிய புண் மறுபடி திறந்துவிடும். யூஸுஃப் (அலை) தம்மைக் கிணற்றில் போட்ட அண்ணன்மார்களைப் பார்த்து, இன்று உங்கள் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை என்றார்கள். அதோடு விடவில்லை. கடைசியில் தகப்பனார் முன் அல்லாஹ்வின் உபகாரங்களைச் சொல்லும்போது, என்னைச் சிறையிலிருந்து வெளியேற்றினான் என்றார்கள். கிணற்றிலிருந்து காப்பாற்றியதைச் சொல்லவில்லை. அண்ணன்மார்கள் எதிரிலேயே நிற்கிறார்களே, அவர்கள் கூசக் கூடாது என்றுதான் என்று குர்ஆன் விரிவுரையாளர்களான முஃபஸ்ஸிர்கள் எழுதுகிறார்கள்.

வயதானவர்களுக்கு ஒரு வேலை

ஹக் பாக்கி இருந்து இன்னும் கொடுத்து முடியவில்லை என்றால் எழுதி வையுங்கள். வஸிய்யத்துக்கு (மரண சாசனத்துக்கு) விஷயம் உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவு கழிப்பது சரியில்லை என்பது இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ். கடன் கழித்துத்தான் சொத்துப் பங்கு என்று சூரத்துன் நிஸா சொல்கிறது, ஆகவே பிள்ளைகள் மறுக்க முடியாது. யாருக்கு, எந்த ஊர், எவ்வளவு தங்கம் அல்லது எவ்வளவு பணம், இதுவரை கொடுத்தது எவ்வளவு, இவ்வளவுதான் அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும். விட்டுப்போன நோன்புக் கணக்கு இருந்தால் அதையும் சேருங்கள். தமிழில் எழுதினால் பேரப்பிள்ளைகளில் பலருக்குப் படிக்க வராது, பர்மிய எழுத்திலும் ஒரு பிரதி வையுங்கள். இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, காகிதம் எங்கே இருக்கிறது என்று ஒரு பிள்ளையிடம் சொல்லுங்கள். ஏன் கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற காரணத்தை அதில் எழுத வேண்டாம்.